மெட்ராஸ் பாக்கப் போற மருமவனுக்கு

மூணு நாள்ல இருபத்திரண்டு இடம்னு போன்ல பட்டியல் போட்டு வச்சிருக்கியாம்ல மருமவனே? எங்கக்கா வந்து பெருமையாச் சொல்லிட்டுப் போனா. காலையில ஆறரைக்கு மெரினா, ஏழே முக்காலுக்கு கபாலீஸ்வரர், எட்டரைக்கு இட்லி, ஒம்பதுக்கு சாந்தோம் சர்ச்சுன்னு மணி வேற போட்டிருக்கியாம். கக்கூசுக்கு எத்தனை மணின்னு போட்டியாடே? கூட வாரது எங்கக்கா. அவ சேலை மடிப்பு எடுத்து முடிக்கதுக்குள்ள உன் பட்டியல்ல பாதி இடம் அடைச்சிருப்பான்.

நான் தடுக்கல. போயிட்டு வா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மெட்ராஸ் பாக்கப் போறவன் புது இடமாத் தேடிப் போகப்படாது. போன தடவ எங்க போனோமோ அங்கயேதான் போகணும். நம்ம குடும்பம் அப்படித்தான் அம்பது வருசமா அந்த ஊரப் பாத்துட்டு வருது. சென்ட்ரலுக்குப் பக்கத்துல மிருகம், எழும்பூர்ல எலும்பு, மவுண்ட் ரோட்டுல பதினாலு மாடி, சாயங்காலம் கடல். அம்புட்டுத்தான் மெட்ராஸுன்னு உங்க தாத்தா முடிவு பண்ணிட்டாரு. அதுக்கு மேல கோட்டை, கொத்தளம்னு எவன் எதக் கட்டி வச்சிருந்தாலும் அது அவன் பாடு. நாங்க திரும்பிக்கூடப் பாக்கல.

உனக்கு என்னப்பா, திருநெல்வேலியில விடியக்காலம் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பூர்ல எறக்கி விட்டுருது வந்தே பாரத்து. 2023-ல விட்ட வண்டி. எங்களுக்கு மீட்டர் கேஜ். கோவில்பட்டியில சாயங்காலம் ஏறினா மதுரை வாரதுக்குள்ள கட்டுச்சோறு காலி, திருச்சி வாரதுக்குள்ள தண்ணி காலி, பெறவு விடிய விடிய ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சு உறங்கணும். விழுப்புரம் வரைக்கும் கரி எஞ்சின். அங்கன வச்சுத்தான் கரண்டு எஞ்சின மாட்டுவான். எழும்பூர்ல எறங்கி நிக்கப்ப ஜன்னலோரம் உக்காந்தது யாரு, நடுவுல உக்காந்தது யாருன்னு மூஞ்சிய வச்சே சொல்லிரலாம். உங்க அத்தை ஜன்னல் சீட்ட ஒருத்தருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டா. ஒரு தடவ கூட்டிட்டுப் போக வந்த என் மச்சினன், அவகிட்டயே போய் நின்னுக்கிட்டு, "அத்தான், எங்க அக்காவக் கூட்டிட்டு வரலையா?"ன்னு என்னையக் கேக்கான். நல்ல வேளை, இல்லைன்னு நான் சொல்லல.

என் மச்சினன் பெரம்பூர்ல ஐ.சி.எஃப்.ல இருந்து ரிட்டையர் ஆனவன்னு உனக்குத் தெரியும். 1955-ல நேரு வந்து தொறந்து வச்ச ஆலை. இந்தியா பூரா ஓடுத ரயிலுக்குப் பெட்டி அங்கனதான் செய்யான். நீ ஏறப் போற வந்தே பாரத்துக்கும் அதுதான் பொறந்த வீடு. ஊருக்கெல்லாம் பெட்டி செஞ்சவன், நமக்கு ஒரு பெட்டியில படுக்க எடம் வாங்கித் தர முடியலையேன்னு நான் கேக்காத வருசம் கிடையாது. அவனும் "அத்தான், நான் செய்யத்தான் செய்வேன், சீட்டு கிழிக்கது வேற ஆளு"ன்னு சிரிச்சிட்டே சொல்லுவான். மச்சினன்னு ஒருத்தன் இருக்கதே இப்படி கேக்கதுக்குத்தானே.

அப்படி ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கப்ப, அஞ்சு பேருக்கு ஓட்டல்ல ரெண்டு ரூமு போட்டிருக்கியாம்ல? கோட்டிப் பயலே, ரூமு போட்டுத் தங்குனவன் மெட்ராஸப் பாத்ததா சரித்திரமே கிடையாது. சொந்தக்காரன் வீட்டுல தங்கணும். அப்பத்தான் அந்த ஊரு உன் கண்ணுக்குத் தெரியும். ஓட்டல்ல கதவ அடைச்சா மெட்ராஸும் ஒண்ணுதான், மானாமதுரையும் ஒண்ணுதான்.

அதுக்குன்னு வெறுங்கைய வீசிட்டுப் போகப்படாது. ஒரு கொட்டான் உடன்குடிக் கருப்பட்டி, சாத்தூர்க் காராச்சேவு, நம்ம ஊரு கடலை மிட்டாய், அது போக மரத்துல காச்சுத் தொங்குத முருங்கைக்காய். வீட்டுல காலடி வச்சதும் இதத்தான் முதல்ல எடுத்து வைக்கணும். கருப்பட்டி வாசம் அடுப்படிக்குப் போன பெறவுதான் எத்தன நாள் தங்கப் போறோம்னு வாயத் தொறக்கணும். மாத்திச் செஞ்சுராத.

தண்ணி விசயத்துல மட்டும் சூதானமா இரு. நீ ஷவரத் தொறந்து விட்டுட்டு பாட்டுப் பாடுத ஆளு. 2003, 2004-ல ஒரு பஞ்சம் வந்துச்சு பாரு, குழாயத் தொறந்தா காத்துத்தான் வரும். தெருமுக்குல லாரி வந்து நின்னா கலர் கலரா பிளாஸ்டிக் குடம் தெரு முழுக்க வரிசையில நிக்கும். அந்த நேரம் பாத்து நாங்க மூட்டை முடிச்சோட போய் எறங்குதோம். மச்சினன் பெஞ்சாதி தங்கமான பிள்ளை. "வாங்கண்ணாச்சி, வாங்க மதினி"ன்னு கூப்பிடத்தான் செஞ்சா. ஆனா அவ கண்ணு எங்க தலைய எண்ணிக்கிட்டே இருக்கு. தலைக்கு ஒரு வாளின்னா எத்தன வாளின்னு கணக்குப் போடுதா, பாவம்.

உங்க அத்தை ஒண்ணும் பேசல. மூட்டையக் கீழ வச்சா, முந்தானையச் சொருகுனா, ரெண்டு குடத்தத் தூக்குனா, போயிட்டா. கரிசக்காட்டுல பொறந்து, ஊத்துல செரட்டை வச்சு மோந்து குடம் நெப்புனவளுக்குத் தண்ணிச் சண்டை சொல்லியா குடுக்கணும்? அரை மணி நேரத்துல அந்தத் தெருவே இவ சொன்ன வரிசையில நிக்கி. மறுநாள் லாரிக்காரரே இவகிட்டதான் "எத்தன வீடும்மா பாக்கி?"ன்னு கேக்காரு. அந்தத் தடவ நாங்க மெரினாவுக்கே போகல. லாரி வார நேரத்த விட்டுட்டு வர உங்க அத்தைக்கு மனசு வரல. ஊருக்கு வந்து கதை சொல்லும்போது, மெட்ராஸ்ல எத ரசிச்சன்னு கேட்டா அந்தத் தண்ணி வரிசையத்தான் சொன்னா. பெறவு கடலூர் பக்கம் கெடக்க வீராணம் ஏரியிலருந்து குழாய் பதிச்சு 2004-ல தண்ணி கொண்டு வந்தாங்க. அதுவும் பத்தாம 2019-ல ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி ஏத்திட்டுப் போனாங்க. அந்தச் சேதிய டிவியில பாத்துட்டு உங்க அத்தை, "நான் வேணா ஒரு எட்டு போயிட்டு வரட்டா?"ன்னு கேட்டா பாத்துக்கோ.

சரி, காலேஜுக்கு வருவோம். உங்கப்பா என்னைய, படிக்காத மச்சான்னு கேலி பண்ணுவாரு. நான் ரெண்டு காலேஜுக்குப் போனவன்டே. எழும்பூர் மியூசியத்துக்கு செத்த காலேஜுன்னு பேரு, மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜுன்னு பேரு. மெட்ராஸே அப்படித்தான் சொல்லும். மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது. பால்ஃபர்னு ஒரு துரை, செத்ததப் பாக்கதுக்குக் கூட்டம் வரணும்னா பக்கத்துல உயிரோட நாலு உருப்படி நிக்கணும்னு கண்டுபிடிச்சு, அந்த வளாகத்துலயே 1855-ல மிருகங்களயும் வச்சாராம். பெறவுதான் அது சென்ட்ரல் பக்கம் பார்க்குக்குப் போச்சு. துரை கெட்டிக்காரன்.

பிள்ளைகளுக்கு உயிர் காலேஜு, பெரியவங்களுக்கு மூர் மார்க்கெட்டு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. மூர் மார்க்கெட்டுல ஒரு கடையில உங்க தாத்தா பேரம் பேசிப் பேசி, கடைக்காரன் களைச்சுப் போய் குடுத்த கெடிகாரம் ஒண்ணு வாங்கினாரு. அது ஓடல. ஆனா மெட்ராஸ் கெடிகாரமாச்சே, சாகுத வரைக்கும் கைய விட்டுக் கழத்தல. யாராவது மணி கேட்டா முதல்ல சூரியனப் பாப்பாரு, பெறவு மரியாதைக்குக் கெடிகாரத்த ஒரு தடவ பாப்பாரு, பெறவுதான் மணி சொல்லுவாரு. சரியாத்தான் இருக்கும்.

1985-ல அந்த மூர் மார்க்கெட்டு தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. அதே வருசம் மிருகத்தையெல்லாம் வண்டலூருக்குக் கொண்டு போயிட்டாங்க. அதுக்கு அடுத்தாப்புல போன தடவதான் நீ கால்சட்டை போட்டுட்டு எங்க கூட வந்த. சிங்கம் பாக்கணும், சிங்கம் பாக்கணும்னு திண்டுக்கல்லுலருந்தே அழுகை. அங்க போனா சிங்கம் ஏது? உங்கப்பா முழிக்காரு. நான் உன்னையத் தூக்கி வச்சுக்கிட்டு, "சிங்கம் லீவுல சொந்த ஊருக்குப் போயிருக்குடே, அதுக்கு வண்டலூர்தான் பூர்வீகம்"ன்னேன். நீ உடனே அழுகைய நிப்பாட்டிட்டு, "அதுக்கும் பரீட்சை முடிஞ்சிருச்சா மாமா?"ன்னு கேட்ட. எம்புட்டு அறிவு அப்பவே! இப்ப எங்க போச்சோ தெரியல.

இதத்தான் உனக்குச் சொல்ல வாரேன். மெட்ராஸ்ல போன தடவ இருந்தது இந்தத் தடவ இருக்காது. அப்ப பிள்ளைககிட்ட 'இல்லை'ன்னு சொல்லாத. 'போயிருக்கு'ன்னு சொல்லு. 1968-லருந்து கடற்கரையில சிலம்பத் தூக்கிட்டு நின்ன கண்ணகி சிலைய 2001 கடைசியில எடுத்துட்டாங்க. அதுக்குப் பெறவு ஒரு தடவ போயிருக்கப்ப, "தாத்தா, கண்ணகி எங்க?"ன்னு என் பேத்தி கேக்கா. பாடத்துல படிச்ச பிள்ளை, ஏமாத்த முடியாது. "மதுரையில ஒரு வேலை பாக்கி இருந்துச்சு, போயிருக்கா, வந்துருவா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. 2006-ல அதே கடற்கரையில திரும்பக் கொண்டாந்து வச்சாங்களா இல்லையா? அன்னையிலருந்து நான் சொல்லுத எதையும் அந்தப் பிள்ளை சந்தேகப்படுததே இல்ல. மழை வருமான்னுகூட என்கிட்டதான் கேக்கா.

செத்த காலேஜு உங்க ஆச்சியோட இடம். மத்தவங்க திமிங்கல எலும்பப் பாத்து வாயப் பொளந்துட்டு நிப்போம். ஆச்சி நேரா வெங்கலச் சிலை இருக்க மண்டபத்துக்குப் போயிருவா. அங்க திருவாலங்காட்டு நடராசர் நிக்காரு. உலகம் பூரா படிச்சவன் எல்லாம் அந்தச் சிலைய வளைவு, நெளிவுன்னு எழுதி வச்சிருக்கானாம். ஆச்சிக்கு அது ஒண்ணும் தெரியாது. முதத் தடவ போனப்ப கண்ணாடிக்கு முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. பெறவு சுத்திச் சுத்திப் பாத்தா. விளக்கு இல்ல, பூ இல்ல, திருநீறு இல்ல. "ஏலே, சாமியக் கொண்டாந்து ஒரு மடக்கு எண்ணெய் ஊத்தாம இப்படிப் பூட்டி வச்சிருக்காங்களே, இது ஊருக்கு ஆகுமா?"ன்னு என்னையப் பிடிச்சுக் கேக்கா, நாந்தான் பூட்டுன மாதிரி. அடுத்த தடவலருந்து மடியில ஒரு முடிச்சு. அதுல கழுகுமலைத் திருநீறும் ஒரு முழம் கதம்பமும். சிலை கிட்டக்கப் போக விட மாட்டாங்கன்னு தெரியும். காவலுக்கு நின்ன வயசானவர் கையில திருநீறக் குடுத்து, "நீயாவது பக்கத்துல இருக்க, பாத்துக்கோய்யா"ன்னா. அவரும் ரெண்டு கைய நீட்டி வாங்கிப் பூசிக்கிட்டாரு. அதுக்குப் பெறவு ஒவ்வொரு தடவயும் எழும்பூர்ல எறங்கினதும், "முதல்ல அவரப் பாத்துட்டு வந்துருவோம்"பா. அவருன்னா நடராசரா, காவல்காரரான்னு எங்களுக்கு இன்னை வரைக்கும் தெளிவாகல.

மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி.யப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல. 1959-ல 177 அடி ஒசரத்துல எழுந்து நின்னப்ப, இந்தியாவுலயே ஒசரமான கட்டடம்னு பேரு. எதிர்த்தாப்புல நின்னு மாடிய எண்ணுவோம். உங்கப்பாவுக்குப் பன்னெண்டு, எனக்குப் பதினஞ்சு, அத்தைக்குக் கழுத்து வலி. உன் மகன் துபாய்க் கட்டடத்த எல்லாம் போன்ல பாத்த பய. அவன அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தி நீ அவமானப்படாத.

கடற்கரையில எம்.ஜி.ஆர். சமாதி இருக்கு. கல்லுல காத வச்சா அவர் கையில கட்டியிருக்க வாட்ச் சத்தம் கேக்கும்னு ஒரு பேச்சு. வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா காத வைப்பாங்க. உங்க அத்தை வச்சா, கண்ண மூடுனா, "கேக்கு"ன்னா. நானும் வச்சேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே"ன்னேன். "வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்துததே உங்களுக்குக் கேக்காது, அவர் வாட்சா கேக்கப் போகுது?"ன்னு அத்தன கூட்டத்துல சொன்னா. பின்னால நின்ன பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் அவ கட்சி. அதனால நீ அங்க போனா என் மகளுக்கு முன்னால காத வச்சிராத. அவ கேட்டுட்டு என்ன சொல்லுதாளோ அதையே நீயும் சொல்லிரு. குடும்பம் நடத்தத் தெரிஞ்சவனுக்குக் கல்லும் பேசும்.

இன்னொரு சூத்திரம் கேட்டுக்கோ. மெட்ராஸ்காரன் மெட்ராஸப் பாத்தது கிடையாது. என் மச்சினன் அத்தன வருசம் பெரம்பூர்ல குப்பை கொட்டுனான், கலங்கரை விளக்கத்துல கால் வச்சதில்ல. ரொம்ப வருசம் அதுல ஆள ஏத்தாம அடைச்சு வச்சிருந்து 2013-லதான் மறுபடி தொறந்தாங்க. நாங்க போய்த்தான் அவனையும் அவன் பெஞ்சாதியையும் கூட்டிட்டுப் போனோம். லிஃப்டு இருக்கு, முட்டுவலிக்காரங்களும் போகலாம். மேல நின்னு பாத்தா ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் வீடு வீடா எல்லையே தெரியல. அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் பேசவே இல்ல. "இங்கயா அண்ணாச்சி நாங்க இருக்கோம்?"ன்னு மட்டும் கேட்டா. மேல ஏறதுக்கு டிக்கெட்டு எடுத்தது நாந்தான். அதுக்குப் பெறவு எத்தன நாள் தங்கினாலும் அந்த வீட்டுல முகம் சுளிச்சதில்ல. கணக்குப் பாத்தா ஓட்டல் வாடகைக்கு இது ரொம்பச் சகாயம்.

மெட்ரோவுல அத்தையக் கூட்டிட்டுப் போனது தனிக்கதை. 2015-ல கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் விட்ட புதுசு. ஓடுத படிக்கட்டுக்கு முன்னால போய் நின்னுட்டா. "இது நிக்கட்டும், ஏறுதேன்"ன்னு சொல்லுதா. அது எப்ப நிக்க? பின்னால கூட்டம் கூடிப் போச்சு. கடைசியில ஒரு காலேஜுப் பிள்ளை கையப் பிடிச்சு ஏத்தி விட்டுச்சு. "கழுகுமலை முருகா"ன்னு கூவுனவ, மேல போய்ச் சேந்ததும், "இன்னொரு தடவ போவமா?"ன்னு கேக்கா. ரயில விட்டுட்டு நாங்க படிக்கட்டுலதான் நாலு நடை போயிட்டு வந்தோம்.

தியாகராய நகருக்குப் போகாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல, என் மகளும் விடப் போறதில்ல. ரங்கநாதன் தெருவுல நாம நடக்க வேண்டியதே இல்ல, நின்னாப் போதும், கூட்டமே கொண்டு போய் கடைக்குள்ள விட்டுரும். அங்க என்ன வாங்குனாலும் வாங்கு, பித்தளைக் குத்துவிளக்கு மட்டும் வாங்காத. நாச்சியார்கோவில்ல வார்த்தத மெட்ராஸ்ல வாங்கி, நம்ம ஊருக்குச் சுமந்துட்டு வந்து, அது வந்த வழியிலயே திரும்பி வந்த கூத்து நம்ம வீட்டுல நடந்தாச்சு. கெளம்புத அன்னைக்கு மச்சினன் வீட்டுல ஒரு பை குடுப்பாங்க. "வழியில பிள்ளைகளுக்கு"ன்னு சொல்லுவாங்க. செங்கல்பட்டு தாண்டித் தொறந்து பாத்தா கோவில்பட்டிக் கடலை மிட்டாய். நீ கொண்டு போனதேதான், கட்டுகூட அவுக்காம. கோவப்படாத. அந்த வீட்டுல ரெண்டு பேருக்குமே பல்லு இல்ல. கருப்பட்டிதான் அங்க செல்லும்.

பஸ்ஸுல போலாமான்னு யோசிச்சியாம், அதுவும் ஒரு வகையில சரிதான். முன்னால நம்ம பஸ்ஸு பாரிமுனை வரைக்கும் போகும், கடல் காத்து மூஞ்சியில அடிக்கும். 2002-லருந்து கோயம்பேட்டுலயே எறக்கி விட்டுட்டான். 2023 கடைசியில கிளாம்பாக்கம்னு ஒரு புது ஸ்டாண்டு தொறந்து, தெக்கத்தி பஸ்ஸ எல்லாம் அங்கனயே மறிச்சுட்டான். அது எங்க இருக்குங்க, வண்டலூருக்குப் பக்கத்துல. சிங்கம் இதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் 85-லயே போய் இடம் பிடிச்சிருக்கு. இந்தக் கணக்குல போனா அடுத்து மேல்மருவத்தூரு, பெறவு விழுப்புரம். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கிட்டா மெட்ராஸே கோவில்பட்டிக்கு வந்துரும். ஆனா அது வரைக்கும் பொறுக்க எனக்கு எங்க வயசு இருக்கு?

நேத்து ராத்திரி மச்சினனுக்குப் போனப் போட்டேன். ஓட்டல் ரூமுன்னதும் அவனுக்குக் கோவம் வந்துட்டு, ரத்து பண்ணச் சொல்லிட்டான். மாடியில ஏழு பாய எடுத்து வெயில்ல போட்டிருக்காங்களாம். நீ அஞ்சு டிக்கெட்டுதான் போட்டிருக்கன்னு நான் அவன்கிட்டச் சொல்லல, மாப்பிள்ளைக்கு மரியாதை போயிரும்லா. கெழடு கெட்டைகளுக்கு ரயில்ல குடுத்த சலுகைய 2020-லயே நிறுத்திட்டாங்க, அதனால ரெண்டும் முழு டிக்கெட்டுதான் ஆகும், அதையும் பாத்துக்கோ. கருப்பட்டிக்கு நான் சொல்லி வச்சாச்சு.